ஓட்டை வாளியின் தக்கை

என் தங்கை வீட்டுப் பின்கட்டில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. வெயிலில் நிறம் வெளுத்து, கைப்பிடி போய், இப்போது அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. வாளியின் அடியில், பக்கவாட்டில், ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழையும். ஓரம் உருகிச் சுருண்டு, பழைய தீக்காயத்தின் வடு போலத் தடித்திருக்கும். “செடி வைக்கதுக்குன்னே போட்ட ஓட்ட மாதிரி இருக்குண்ணே” என்று தங்கை நான் போகும்போதெல்லாம் சொல்வாள். நான் மறுத்ததில்லை. வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவனிடம் சாமான் தங்காது. சூரத்தில் ஒரு தகரப்பெட்டி, திருப்பூரில் ஒரு சைக்கிள், கொல்லத்தில் ஒரு பாய் என்று விட்டுவிட்டு வந்தவை நிறைய. தங்கை வீட்டில் போட்டுவிட்டுப் போனதால் இந்த வாளி மட்டும் மிஞ்சியது.

அந்த ஓட்டை செடிக்காகப் போட்டதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பாளையங்கோட்டைக்குக் கல்லூரியில் சேர வந்த முதல் வாரத்தில், கடைச் சீட்டுக்கூடக் கிழிக்காத புது வாளியில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால், என் நன்மைக்காக ஒருவர் போட்டது. அவர் என் அறைத்தோழர். வேதியியல் மூன்றாம் ஆண்டு. நான் அதே பாடத்தில் முதலாம் ஆண்டு. பெயர் வேண்டாம். அப்போதும் நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நேரில் அண்ணே, மற்றவர்களிடம் பேசும்போது சீனியர். இங்கும் சீனியர் என்றே இருக்கட்டும்.

விடுதியில் இடம் கிடைக்காததால் கல்லூரிக்கு வெளியே ஒரு வளவில் மாடி அறை பிடித்திருந்தோம். வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல வீடுகள், எல்லோருக்கும் நடுமுற்றத்தில் ஒரே குழாய். வீட்டுக்காரர் சைவக் குடும்பம். முட்டைத் தோட்டைப் பார்த்தால்கூட அறையைக் காலி செய்யச் சொல்வார். காலையில் சிறிது நேரம்தான் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் எவருடைய வாளி எவர் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்காமல் எடுப்பார்கள், நிரப்பித் தங்கள் அடுக்களைக்குக் கொண்டுபோவார்கள், பிறகு அது அவர்கள் வாளியாகிவிடும். என் அய்யா சாத்தான்குளம் சந்தையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த வாளியைச் சீனியர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டவ்வில் ஆணியைக் காய்ச்சினார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் பிளாஸ்டிக் கருகும் நெடி அறை முழுக்கப் பரவியது.

“அண்ணே, புது வாளிண்ணே!”

“புதுசுன்னாத்தாம்ல களவு போவும். ஓட்ட வாளிய எவன் எடுப்பான்? இந்தா பாரு.” கழுத்தில் சாவியோடு தொங்கிய கயிற்றைக் காட்டினார். அதில் ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்த ரப்பர் தக்கை ஒன்று கோத்திருந்தது. அதை உள்ளே இருந்து ஓட்டையில் திருகினார். தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவருடைய வாளியிலும் அதே இடத்தில் அதே அளவு ஓட்டை இருந்தது. “எனக்கொரு தக்கை?” என்று கேட்டேன். “எதுக்குல ரெண்டு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா குளிக்கப் போறோம்? நீ சின்னப்பய, தொலைச்சிருவ. எங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். அவர் குளித்துவிட்டுக் கயிற்றோடு கழற்றித் தருவார், நான் குளித்துவிட்டுத் திருப்பித் தருவேன். நான் அங்கே இருந்தவரை வளவில் எத்தனையோ வாளிகள் இடம் மாறின. எங்கள் இரண்டும் குழாயடியிலேயே கவிழ்ந்து கிடந்தன. ஒருவரும் தொடவில்லை.

அவர் சொன்ன மற்றவையும் அப்படித்தான் இருந்தன. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சும் வேண்டாம், கடைசி பெஞ்சும் வேண்டாம், வாத்தியார் கண் அந்த இரண்டில்தான் போய் நிற்கும், கடைசிக்கு முந்தைய பெஞ்சில் சுவரோரமாக உட்கார் என்றார். முதல் மாதம் ஒரு வகுப்பையும் விடாதே, முகம் பதிந்துவிட்டால் அப்புறம் வராத நாளிலும் வந்த மாதிரியே தோன்றும் என்றார். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் முழிக்காதே, எழுந்து நின்று கரும்பலகையை யோசனையோடு பார், அவரே பதிலைச் சொல்லிவிட்டு உட்காரச் சொல்வார் என்றார். டவுன் பஸ்ஸில் படியில் தொங்கும்போது நோட்டுப் புத்தகத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடு, இறங்கும்போது வாங்கிக்கொள், இரண்டு கையும் கம்பியில் இருக்க வேண்டும் என்றார். ஒரே மெஸ்ஸில் மாதச் சாப்பாடு வைக்காதே, வாடிக்கை ஆனவனுக்கு அடிச்சாம்பார்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை துணியைக் குறுக்குத்துறைக்கு எடுத்துப்போய் ஆற்றில் அலசு, ஆனால் அணையில் தண்ணீர் திறந்த பேச்சு காதில் விழுந்தால் அந்த வாரம் அழுக்குச் சட்டையோடு இரு என்றார். இவையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் இதைச் சொல்லித்தர ஒருவருமில்லை.

அவர் சொன்னவற்றில் இரண்டு எனக்கு மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தன. ஒன்று, ஊரைப் பற்றியது. “எவனும் வந்த உடனே உனக்கு எந்த ஊருன்னு கேப்பான். ஊரச் சொன்னா தெருவக் கேப்பான். தெருவச் சொன்னா கத முடிஞ்சிரும், நீ யாருன்னு அவன் எழுதிருவான். தூத்துக்குடி மாவட்டம்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல கேட்டாம்னா, கடல் பக்கம்னு கையக் காட்டிட்டு நடந்திரு.” அந்த வருடங்களில் அந்தப் பக்கம் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனையோ பேருடைய கல்லூரி வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்தது. என்னை அவர் ஒருநாளும் தெருவைக் கேட்கவில்லை. அவர் நெற்றியில் விபூதி பூசுகிற, ஒருகாலத்தில் நிலம் நிறைய வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்காமல் இருந்தார் என்பதற்காகவே அவருக்கு எதையும் செய்யலாம் என்று நினைத்தேன்.

மற்றொன்று, வீட்டைப் பற்றியது. “வீட்டக் காலேஜுக்குள்ள கொண்டு வராத. காலேஜ வீட்டுக்குக் கொண்டு போகாத. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவரு இருக்கணும்ல. எங்க அப்பாவுக்கு நான் எந்த டிபார்ட்மென்ட்டுன்னே தெரியாது, தெரியுமால?” என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு அது ஒரு வீரமாகத் தோன்றியது. என் அய்யா பனைவெல்லத்தை மூட்டை கட்டிச் சந்தை சந்தையாகக் கொண்டுபோகிறவர். என்னைப் பார்க்க வர வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியனுப்பினார். பரீட்சை இருக்கிறது, இப்போது வராதீர்கள் என்று தடுத்துவிட்டேன். சீனியர் சொன்ன சுவரை நானும் கட்டினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியிருந்தோம். கல்லூரி வாசல் நிறுத்தத்தில் டவுன் பஸ்கள் நிற்பதில்லை. மாணவர்கள் கூட்டத்தைக் கண்டதும் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், ஓடித்தான் தொற்ற வேண்டும். ஒருநாள் அப்படித் தொற்றிய முதலாண்டுப் பையன் கைதவறி விழுந்து முழங்கை ஒடிந்தான். மறுநாள் காலையில் சீனியர் பஸ்ஸின் முன்னால் போய்ச் சாலையில் உட்கார்ந்தார். முதலில் அவர் மட்டும். அடுத்து நான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது சாலை நிறைந்துவிட்டது. வெயில் ஏற ஏறத் தார் சுட்டது. ஒருவருக்கொருவர் நோட்டைக் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்தோம். வரிசையில் என் பக்கத்தில் இருந்தவன் தன் தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டு எனக்குத் தந்தான். அதுவரை என்னோடு பேசாதவன். எந்த ஊர் என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தக் காலைப்பொழுது நல்ல பொழுதுதான். அதை நான் கைவிடத் தயாரில்லை.

எங்கிருந்தோ ஒரு கல் வந்து பஸ்ஸின் முன்கண்ணாடி உடைந்தது. யார் எறிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. போலீஸ் வந்தது, கலைந்தோம். மறுநாள் கல்லூரி வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். சாலையில் உட்கார்ந்தவர்கள் இந்த வார முடிவுக்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, முதல்வர் முன்னால் நிற்க வைத்து, தப்பு செய்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். சொன்னவர்கள் வகுப்புக்குப் போகலாம். மற்றவர்கள் அந்த வருடத் தேர்வு எழுத முடியாது. அந்தக் காலத்தில் கல்லூரிகளில் எதற்கெடுத்தாலும் இதுதான் வழக்கம். தப்பு மகனுடையது, தலைகுனிய வேண்டியது அப்பா.

வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே கூடினோம். சீனியர் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். “ஒருத்தனும் அப்பனக் கூட்டிட்டு வரக் கூடாது. கை ஒடிஞ்சவன்கிட்ட அவிய மன்னிப்புக் கேட்டாவளா? நாம எதுக்குக் கேக்கணும்? எல்லாரும் வெளிய நின்னா எத்தன பேர வீட்டுக்கு அனுப்புவாவ? பாதிக் காலேஜ் காலியாப் போயிரும். தானா எறங்கி வருவாவ” என்றார். கைதட்டினோம். நான் பலமாகத் தட்டினேன். அன்று சாயங்காலம் அறையில் சட்டையை மாற்றிக்கொண்டே, “நான் வக்கீல் ஒருத்தரப் பாக்கணும், மத்தக் காலேஜ் பயலுவகிட்டயும் பேசணும். ரெண்டு நாள்ல வந்திருதேன். நீ இங்கன பயலுவளப் பாத்துக்க. ஒருத்தன் போனா எல்லாம் போயிரும், கேட்டியா?” என்று என் தோளைத் தட்டினார். மாடிப்படியில் பைய இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் குழாயடிவரை கேட்டது.

மறுநாள் குளிக்கப் போனபோதுதான் தக்கை நினைவு வந்தது. சாவிக்கயிற்றோடு அவர் கழுத்தில் போய்விட்டது. ஒரு துண்டு சோப்பை ஓட்டையில் அடைத்துப் பார்த்தேன். தண்ணீர் நிரம்பும்வரை தாங்கியது. தலைக்கு ஊற்றத் தொடங்கியதும் சோப்பு வழுவழுத்துப் பிதுங்கி வெளியே விழுந்தது. பாதி உடம்பில் நுரையோடு, காலிவாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மறந்துபோய் எடுத்துப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

டீக்கடையில் கூட்டம் ஒவ்வொரு நாளும் குறைந்தது. வேட்டி சட்டையில், கையில் குடையோடும் மஞ்சள் பையோடும் அப்பாக்கள் வாசலைக் கடந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பின்னால் மகன்கள் எங்கள் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். ஒருவனை நான் வழிமறித்து, “சீனியர் வந்திரட்டும்டே, அவசரப்படாத” என்று கெஞ்சினேன். அவன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. கடைசியில் நானும் என் வகுப்பில் படித்த மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரைப் பையன் ஒருவனும் மட்டும் மிஞ்சினோம். அவன் வாய் சும்மா இருக்காது.

“ஏலே, நம்ம ஒத்துமையப் பாத்தியா? ரெண்டு பேர வச்சுச் சீட்டு கூட ஒழுங்கா வெளாட முடியாதுடே.”

“அவரு வந்திருவாரு.”

“குளிச்சியா இன்னைக்கு?”

“சோப்ப வச்சு அடைச்சேன், நிக்கல.”

“தக்கையையும் கொண்டு போயிட்டாரா?” டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அப்ப ஆளு வர மாட்டாருடே. திரும்பி வாரவன் தக்கைய வச்சிட்டுல்லா போவான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மீன்காரனுக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவன் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் அவனும் வரவில்லை. அவன் அப்பா கடலுக்குப் போயிருந்தார், கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. வள்ளத்தில் ஏறிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வாரம் முடிகிற அன்றைக்கு நான் மட்டும் நின்றேன். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, “தம்பி, நீ யாருக்காக நிக்க?” என்று கேட்டார். சீனியருக்காக என்றேன். அவர் கழுவுவதை நிறுத்தினார். “அந்தத் தம்பி மொத நாளே அவிய அப்பாவோட வந்துட்டுல்லா போச்சு. அன்னைக்குப் பெஞ்சு மேல ஏறிப் பேசுச்சுல்லா, அதுக்கு மறுநாள் காலம்பற. நீங்க யாரும் வாரதுக்கு முந்தி. வெளுத்த வேட்டி, நெத்தி நெறையத் துந்நூறு. பெரிய மனுசன். கார்ல வந்து எறங்குனாரு.”

நம்பவில்லை. கல்லூரியின் பின்பக்கம், ஆய்வகத்துச் சன்னல்கள் சாலையைப் பார்த்து இருக்கும். சுற்றிக்கொண்டு போய்க் கம்பி வழியாகப் பார்த்தேன். சீனியர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நின்றார். ப்யூரெட் குழாயில் திரவத்தின் மட்டத்தைப் பார்ப்பதற்காக லேசாக முழங்காலை மடக்கி, கண்ணை அதற்கு நேராக வைத்திருந்தார். கழுத்தில் கயிறு, சாவி, தக்கை. நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அண்ணே என்றேன். திரும்பினார். பார்த்தார். நன்றாகவே பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு மறுபடியும் முழங்காலை மடக்கி, கண்ணைப் ப்யூரெட்டுக்கு நேராகக் கொண்டுபோனார். ஒரு சொட்டு விழுவதற்காகக் காத்திருந்தார்.

ஊருக்குப் போய் அய்யாவைக் கூட்டி வந்தேன். அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முதல்முறையாக என் கல்லூரியைப் பார்த்தார். மரங்களையும் கட்டடத்தையும் நிமிர்ந்து பார்த்து, “நல்லாத்தாம்ல இருக்கு” என்றார். முதல்வர் அறைக்கு வெளியே வெகுநேரம் நின்றோம். தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது, வேண்டுமானால் அடுத்த ஆண்டு புதிதாகச் சேரலாம் என்று எழுத்தர் சொன்னார். முதல்வரைப் பார்க்கவே முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அய்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “உன் கூட உக்காந்த பயலுவ எல்லாம் உள்ள இருக்கானுவளே. நீ மட்டும் ஏம்ல வெளிய நின்ன?” நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒருத்தர் சொன்னார், அதனால் நின்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஆண்டுக்குள் என் தங்கைகள் இருவரும் வேறு வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்குச் சம்பாத்தியம் தேவைப்பட்டது. நான் மறுபடி சேரவில்லை.

அதன்பிறகு நடந்ததைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு தேய்த்தேன். அங்கிருந்து திருப்பூர், சூரத், கொல்லம். சில இடங்களில் சாப்பாடு இருந்தது, படுக்க இடம் இல்லை. சில இடங்களில் இடம் இருந்தது, சாப்பாடு இல்லை. இரண்டும் இருந்த இடத்தில் என்னால் நிலைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போன இடத்திலெல்லாம் சீனியர் கற்றுக்கொடுத்தது பயன்பட்டது. எந்த ஊர் என்று கேட்டால் கையைக் காட்டிவிட்டு நடக்கத் தெரிந்தது. ஒரே கடையில் வாடிக்கை வைக்காமல் இருக்கத் தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. முழுப்பொய்யனாக இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டிருப்பேன். அவர் சொன்னது எல்லாம் சரியாக இருந்ததால்தான், சரியில்லாத ஒன்றையும் அதே நம்பிக்கையோடு எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் மறுபடி பேட்டைக்கு வந்து, ஒரு மைக் செட் கடையில் வேலைக்கு இருந்தேன். ஒரு ஜூலை மாதம் அந்தக் கல்லூரியில் புதிய மாணவர்களுக்கு வரவேற்பு. அரங்கத்தின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதென்று எங்கள் கடையைக் கூப்பிட்டிருந்தார்கள். தோளில் ஸ்பீக்கர் பெட்டியோடு வாசலுக்குள் நுழைந்தேன். காவலாளி சங்கிலியை அவிழ்த்துவிட்டார். மறியலுக்குப் பிறகு, அப்பா எங்கே என்று கேட்காமல் அந்த வாசலில் என்னை உள்ளே விட்டது அன்றைக்குத்தான்.

மேடையில் பேச வந்த பழைய மாணவர், சீனியர். வக்கீலாகியிருந்தார். உடம்பு போட்டிருந்தது, குரல் மாறவில்லை. நான் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்லூரிக்கு உள்ளேயும் வெளியேயும் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் பேசினார். கடைசிக்கு முந்தைய பெஞ்ச் வந்தது. பஸ் படி வந்தது. அடிச்சாம்பார் வந்தது. ஓட்டை வாளி வந்தபோது பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கும் உதடு விரிந்தது, மறைப்பானேன். அதன்பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாங்க படிக்கும்போது ஒரு பஸ் மறியல். நூத்துக்கணக்கான பேரு ரோட்டுல உக்காந்தோம். மன்னிப்புக் கேட்டாத்தான் உள்ள விடுவோம்னாங்க. ஒருத்தன் கேக்கல. ஒருத்தன்கூட அப்பாவக் கூட்டிட்டு வரல. ஒத்துமையா நின்னோம். நிர்வாகம் எறங்கி வந்துச்சு. ஃப்ரெண்ட்ஷிப்னா அதுதான் தம்பிகளா. நம்பி வந்தவனைக் கைவிடாதீங்க” என்றார். அரங்கம் அதிர்ந்தது.

என் கை ஒலி கூட்டும் திருகின் மேல் இருந்தது. ஒரு சுற்றுத் திருப்பினால் போதும், அவர் குரல் அடங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்து ஸ்பீக்கர் விசிலடித்தது, அவர் பேச்சு அந்தக் கீச்சில் மூழ்கியது. வெறுமனே இருந்திருந்தாலே போதும், பின்வரிசையில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. என் விரல் தன்னாலே திருகைக் குறைத்து, சரிசெய்து, அவர் குரலைத் தெளிவாக்கியது. அவருடைய பொய் கடைசி வரிசைவரை ஒரு எழுத்து பிசகாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அன்று என் வேலை. செய்தேன்.

கூட்டம் கலைந்தபின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மேடையிலிருந்து இறங்கியவர் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பினார்.

“ஏலே… நீயால?”

“ஆமாண்ணே.”

“மைக் நல்லாப் பேசுச்சுல. நீதான் வச்சியா? அய்யா சொகமா?”

“எறந்துட்டாவண்ணே.”

“அடடா.” பக்கத்தில் இருந்தவர்களைக் கண்ணால் போகச் சொன்னார். “எங்கெங்கயோ போயிட்டன்னு கேள்விப்பட்டேன். படிச்சிருக்கலாம்லா நீ? நல்ல மூளைல உனக்கு.”

கேட்க நினைத்தவை எத்தனையோ. சூரத்திலும் கொல்லத்திலும் பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்த வசனங்கள் இருந்தன. வாயில் வந்தது வேறு. “தக்கைய எடுத்துட்டுப் போயிட்டியளேண்ணே.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அத இன்னும் ஞாவகம் வச்சிருக்கியா? கிறுக்கன்ல நீ.” சிரிப்பு நின்றதும் என் முகத்தைப் பார்த்தார். “சரி, நான் ஒண்ணு கேக்கேன். நீ ஏம்ல உங்க அய்யாவக் கூட்டிட்டு வரல?”

“நீங்கதான கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொன்னிய.”

“சொன்னேன். பெஞ்சு மேல ஏறி நின்னா வேற எதச் சொல்லச் சொல்லுத? நானே மறுநாள் எங்க அப்பாவக் கூட்டிட்டு வரலயா? எல்லாப் பயலும் வந்தான். எல்லாவனுக்கும் வெளங்குச்சு. உனக்கு மட்டும் எப்பிடில வெளங்காமப் போச்சு?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். அய்யா பஸ்ஸில் கேட்ட அதே கேள்வி. அய்யாவிடம் சொல்லாத பதிலை இவரிடம் மட்டும் எப்படிச் சொல்வது? “நீங்க மத்ததெல்லாம் சரியாச் சொன்னியளேண்ணே” என்றேன். அவர் சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர் போலக் கையை விட்டு எடுத்தார். “வீட்டுப் பக்கம் வால” என்றார். வீடு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. போய்விட்டார்.

வண்டியில் சாமான்களை ஏற்றும்போது ஒரு பையன் வந்து நின்றான். ஒட்டவெட்டிய தலை, புதுச் சட்டை, கையில் கடைச் சீட்டு ஒட்டிய நீல வாளி. கடையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு நேராக வரவேற்புக்கு வந்திருக்கிறான். “அண்ணாச்சி, அந்த வக்கீல் சார் ஓட்ட போடணும்னு சொன்னாவல்லா, எதுல போடணும் அண்ணாச்சி?” எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அடியிலிருந்து ஒரு விரல் மேலே பக்கவாட்டில் வைத்து அழுத்தினேன். அதே நெடி. பெட்டியில் கிடந்த ஸ்டாண்டுக்கால் ரப்பர் ஒன்றைச் செதுக்கி அளவு பார்த்துக் கொடுத்தேன். உள்ளே இருந்து திருகச் சொன்னேன்.

“எந்த ஊரு அண்ணாச்சி ஒங்களுக்கு?” என்றான்.

“அந்தக் கேள்விய இங்க யார்கிட்டயும் கேக்காத. உன்கிட்ட எவனும் கேட்டா, மாவட்டத்த மட்டும் சொல்லு.” அவன் தலையாட்டினான். “அப்புறம் இந்தத் தக்கை. கூட இருக்கவன் நான் வச்சிருக்கேன், குடுன்னு கேப்பான். எவ்வளவு நல்லவனா இருந்தாலும் குடுக்காத.”

“தக்கைதான அண்ணாச்சி” என்று சிரித்தான்.

“தக்கைதான்” என்றேன்.

இப்போதும் எங்காவது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் கேட்டால் சீனியர் சொன்னவற்றைத்தான் சொல்கிறேன், ஒன்றை மட்டும் மாற்றி: அப்பாவை ஒருமுறையாவது கூட்டிப்போய்க் கல்லூரியைக் காட்டுங்கள், தப்பு செய்வதற்கு முன்னால். அவர் அந்த மரங்களை நிமிர்ந்து பார்க்கட்டும்.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். மண் குடித்தது போக மீதித் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வந்து சிமெண்டுத் தரையில் ஓடி, என் காலை நனைத்தது. அக்கம்பக்கத்தில் செருப்பு, சைக்கிள், குடம் என்று எதை வெளியே வைத்தாலும் களவு போகிறதாம். இந்த வாளியை இத்தனை வருடமாக ஒருவரும் தொடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.